ஏகாம்பரத்தின் நிழல் வந்து நின்ற கோடை

ஆம்பூருக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் மூன்று மாடி வாடகைக் கட்டிடம் ஒன்றின் மொட்டைமாடிக்கு ஆள் இல்லாமல் நிழல் மட்டும் வந்து நின்ற அந்தக் கோடையில், வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் மூடி இளகிக் கோணிப்போனது, காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு மாடிப்படிக்குள் வந்து உட்கார்ந்தன, கொடியின் இந்த முனையில் துணி போட்டு அந்த முனைக்குப் போவதற்குள் முதலில் போட்ட துணி காய்ந்து விறைத்தது. ஷூ கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை காலையில், வாரத்து அழுக்கு முழுவதையும் துவைத்து வாளியில் சுமந்து ஏறிய மேனகா, மேற்குச் சுவர் ஓரம் கேட்பாரற்றுக் கிடந்த தொட்டிச் செடிகளின் மேல் ஒரு நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தாள். தலையில் துண்டுக் கட்டு, மடித்துக் கட்டிய லுங்கி, சற்றே தாழ்ந்த இடது தோள். நிழலுக்குரிய ஆளைத் தேடி அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆள் கடலுக்கு அப்பால் இருந்தான், அவள் புருஷன் ஏகாம்பரம்.

"சாப்டியாய்யா?" என்று கேட்டாள்.

அவள் துணிகளை உதறிக் காயப்போட்டாள், நிழலின் மேல் ஈரம் சொட்டாமல் பார்த்துக்கொண்டாள், கீழே போய் உலை வைத்தாள், வழக்கத்தைவிட ஒரு கை அரிசி கூடப் போட்டுவிட்டாள் என்பது வடிக்கும்போதுதான் தெரிந்தது.

ஏகாம்பரம் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. வேலை நடக்கிற வீடுகளிலிருந்து காலி பெயின்ட் வாளி, விளிம்பு உடைந்த வாஷ்பேசின், விரிசல் விட்ட சிமென்ட் தொட்டி என்று எதையாவது வண்டியில் கட்டிக்கொண்டு வருவான், வந்த எதற்குள்ளும் மண்ணை நிரப்பி ஒரு குச்சியை நட்டுவிடுவான், அவன் நட்ட குச்சி தழையாமல் இருந்ததில்லை. செம்பருத்தி, அடுக்கு மல்லி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, ரோஜா, எல்லாவற்றுக்கும் நடுவில் நீல டிரம்மில் ஓர் எலுமிச்சை. பிள்ளையில்லாத வீடு என்று யாராவது பேச்செடுத்தால் அவர்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையாகக் காட்டுவான். பிறகு ஒரு ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்டு வளைகுடாவுக்குப் போனான். வெள்ளிக்கிழமை வந்தால் போன் வரும், முதலில் அவளை விசாரிப்பான், அப்புறம் செடிகளை விசாரிப்பான், செடிகளை விசாரிக்கும்போது குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். பொங்கலோடு போன் நின்றது. மேனகா ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனாள், அங்கே ஜூஸ் கடை நடந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தாள், மனுவை வாங்கிக்கொண்டார்கள். விடியும் முன்னே கம்பெனி வேன் ஏறி, நாள் முழுக்க ஷூவின் மேல்தோலை மெஷினில் தைத்து, இருட்டும்போது இறங்குகிறவளுக்கு, லாரித் தண்ணீரை மாடிக்குச் சுமக்க உடம்பிலும் தெம்பு இல்லை, அந்தச் செடிகளைப் பார்க்க மனசிலும் தெம்பு இல்லை. அவை ஒவ்வொன்றாகக் கருகிக்கொண்டிருந்தன.

நிழலை இரண்டாவதாகப் பார்த்தவள் ஷம்ஷாத். மாடியிலேயே தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில், கிட்னி பழுதாகி டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்த புருஷன் இக்பாலோடு குடியிருந்தவள் அவள். வெளியே வந்தவள், சட்டென்று துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னாக்கா, அண்ணன் வந்துக்கிறாரா?"

"அவரு வரல. நெழல்தான் வந்துக்கீது."

"பாவம், எவ்ளோ தூரத்துலேர்ந்து," என்றாள் ஷம்ஷாத். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நிழலின் காலடியில் வைத்தாள், விருந்தாளிக்கு வைப்பதுபோல.

அந்த நிழல் காலையில் மேற்கே சாய்ந்தும் மாலையில் கிழக்கே சாய்ந்தும் ஊரிலுள்ள மற்ற நிழல்களைப் போலத்தான் நடந்துகொண்டது. ஒரே ஒரு வித்தியாசம், உச்சிப் பொழுதில் மற்ற நிழல்கள் எல்லாம் காலடிக்குள் சுருண்டுகொள்ளும்போது இது மட்டும் விரிந்து, கருகிய செடிகள் அத்தனையின் மேலும் போர்வைபோலப் படர்ந்தது, அப்போது அதற்குள் கால் வைத்தால் வேப்ப மரத்தடியில் நிற்பதுபோல் இருந்தது. இது தெரிந்த வாரத்திலேயே கட்டிடம் தன் வழக்கங்களை மாற்றிக்கொண்டது. ஆம்பளை நிற்கிற இடம் என்பதால் பெண்கள் உள்ளாடைகளைக் கீழேயே காயப்போட்டார்கள். வேர்க்குரு வந்த குழந்தைகளைப் பாயில் போட்டுத் தூக்கி வந்தார்கள். மோர்ப் பானைகள் வந்தன, சீட்டாட்டம் வந்தது, கீழ்வீட்டுக்காரர் ஒருவர் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துப் போகவே இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் துளசிராமன், குடியிருப்பவர்களில் ஒருவர் கூடிவிட்டதாகக் கருதலாமா என்று இரண்டு நாள் யோசித்து, நிழல் தண்ணீர் செலவழிப்பதில்லை என்று முடிவுசெய்து விட்டுவிட்டார். ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் வந்து, பஸ் ஸ்டாண்டில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், ஒரு வாரத்துக்கு அந்த நிழலைத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். எப்படி எடுத்துப் போவது என்று அவர்களுக்கும் தெரியாததால் டீ குடித்துவிட்டுப் போனார்கள். தகர அறையில் நெருப்பின் மேல் கிடப்பதுபோல் கிடந்த இக்பாலை ஷம்ஷாத் கைத்தாங்கலாக அழைத்துவந்து செடிகளுக்கு நடுவே படுக்க வைத்தாள், அந்த மனுஷன் பல மாதங்களுக்குப் பிறகு பகலில் வாய் திறந்து தூங்கினார், அவர் தூங்குவதைப் பார்த்தபடி அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். மேனகாவும் வேனை விட்டு இறங்கியதும் நேரே மேலே போய், கிழக்கே நீண்டு மங்கும் நிழலின் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனியில் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

சித்திரை பாதியில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் சகாயம் பேசுதேன், நாகர்கோயில்காரன். ஏகாம்பரம் அண்ணன்கூட ஒரே ரூமுல கெடக்கேன். எங்க போனு, பாஸ்போட்டு எல்லாத்தையும் புடுங்கிட்டானுவ. இது ஒருத்தன்கிட்ட கெஞ்சி வாங்கின போனு."

"அவரு எங்க? அவர்கிட்ட குடு தம்பி."

"சைட்டுல நிக்காரு. மேல கூரையே கெடையாதுக்கா, பூரா மணலு. அண்ணனுக்கு நெழலு விழ மாட்டேங்கு. நாங்க எல்லாரும் வரிசையா நின்னா ஒரு நெழலு குறையுது. மத்தவங்களுக்கு வெயிலு அடிச்சா சாயங்காலத்தோட போயிரும், அண்ணனுக்குப் போக மாட்டேங்கு, ரூமுக்குள்ள கெடந்தாலும் வெயிலு அவரத் தேடிவந்து சுடுது. தோலு பூரா உரிஞ்சி நிக்காரு. அவரு நெழலு அங்க வந்திருக்கான்னு கேக்கச் சொன்னாரு."

"வந்துக்கீது," என்றாள். "திருப்பி அனுப்பச் சொன்னாரா?"

"அப்டிச் சொல்லலக்கா." என்றான் சகாயம். "செடியெல்லாம் வாடிப்போச்சான்னு கேட்டாரு. மத்தியானம் ஆனா அதத்தான் நெனச்சிட்டு நிப்பாராம். ஒருநா நெனச்சிட்டு நிக்கும்போது கால்ல இருந்து என்னமோ கழண்ட மாதிரி இருந்துச்சாம்."

லைன் அறுந்தது. அந்த நம்பர் மறுபடி எடுக்கவில்லை.

அவள் மாடிக்கு ஓடி நிழலிடம் சொன்னாள், போய்யா, அந்த உடம்பு அங்க வெந்துக்கினு கீது, போ. கெஞ்சினாள், திட்டினாள், துடைப்பத்தால் கூட்டித் தள்ளினாள், தூசிதான் பறந்தது. வாடிய செடிகளை விட்டு அது ஓர் அங்குலமும் நகரவில்லை. செடிகள் பிழைத்தால்தான் இது போகும் என்று மேனகாவுக்குப் புரிந்தது. செடி வளர்ப்பது அவளுக்குத் தெரியாத வேலை. கம்பெனியில் ஒரு வாரம் லீவு சொன்னாள், போனில் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள், பார்த்ததைப் பாதி புரிந்தும் புரியாமலும் செய்தாள்.

முதலில் சூடு பறக்கும் சுவரிலிருந்து தொட்டிகளை இழுத்துத் தள்ளி, தளத்தின் கொதிப்பு ஏறாமல் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். மூங்கில் நட்டு, தன் பழைய புடவைகளைப் பந்தலாகக் கட்டினாள். மண் காய்ந்து சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருந்ததால், ஊற்றிய தண்ணீரெல்லாம் வேரைத் தொடாமல் ஓரமாக ஓடி அடியில் வழிந்தது. எனவே தொட்டிகளைத் தண்ணீர் நிரம்பிய டப்பில் இறக்கி, குமிழி நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டினாள். வேர் சுருண்டு நெருங்கியிருந்தவற்றைப் புது மண்ணுக்கும் தொழு உரத்துக்கும் மாற்றினாள். அப்பள விளிம்புபோலக் கருகிய இலைகளைக்கூட உடனே கிள்ளவில்லை, அவை அடியில் இருக்கும் தண்டுக்கு மறைப்பாக இருந்தன. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றினாள். முதல் தடவை கெட்டியாக ஊற்றி ஒரு ரோஜாவைக் கொன்றேவிட்டாள், அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்ததை அளந்து கலந்தாள். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளித்தவற்றுக்கு இரும்புச் சத்து வாங்கிக் கரைத்துக் கொடுத்தாள், மருந்துக் கடைக்காரர் யாருக்கு என்று கேட்டதற்கு வீட்டு ஆளுங்களுக்கு என்றாள்.

முதலில் நந்தியாவட்டை துளிர்த்தது. துளிர்த்த அன்று, விரியும் நிழல் நந்தியாவட்டையை விட்டுவிட்டு மற்றவற்றின் மேல் மட்டும் படர்ந்தது. பிறகு செம்பருத்தி. பிறகு மல்லி. ஒரு செடி தேறினால் அந்த அளவுக்கு நிழல் குறைந்தது, குறைந்த நிழலில் நாற்காலிக்கு இடமில்லை, சீட்டாட்டம் கலைந்தது, பிறகு குழந்தைகளின் பாய்களுக்கும் இடமில்லாமல் போனது. கட்டிடத்தில் மேனகாவிடம் பேச்சு குறைந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, வெயில் அப்படி. துளசிராமன்கூட மாடிக்கு ஏறி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. அக்னி நட்சத்திரம் முடியட்டும். அதுவரைக்கும் செடியை ரொம்பக் கவனிக்காம விட்டா என்ன? நாலு பேரு நிம்மதியா உக்காந்திருந்தாங்க."

"அங்க ஒருத்தரு நிக்கிறாருங்க," என்றாள் மேனகா. அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

லீவு முடிந்த பிறகு ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது புடவைப் பந்தல் அவிழ்க்கப்பட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. தேறிய மல்லி மறுபடி துவண்டிருந்தது, நிழல் திரும்ப வந்து அதன் மேல் நின்றது, அந்த நிழலில் இக்பால் தூங்கிக்கொண்டிருந்தார். ஷம்ஷாத் அறை வாசலில் நின்றாள். மறைக்கவில்லை.

"நான்தான்க்கா அவுத்தேன். நேத்தெல்லாம் அவரு மூச்சு விட முடியாம உக்காந்துக்கினே இருந்தாரு. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

மேனகாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இரண்டு பேருடைய புருஷன்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நிழல் இருந்தது. பிறகு ஷம்ஷாத்தே வந்து புடவையின் ஒரு முனையைப் பிடித்தாள், சேர்ந்து கட்டினார்கள்.

கடைசியில் எலுமிச்சை மட்டும் மிஞ்சியது. எல்லாம் கொடுத்தாயிற்று, மண் மாற்றியாயிற்று, காய்ந்த கொப்புகளை வெட்டியாயிற்று, நகத்தால் பட்டையைக் கீறினால் அடியில் ஒரு மயிரிழைப் பச்சை தெரிந்தது, அந்தப் பச்சை துளிர்க்கவும் இல்லை, சாகவும் இல்லை. நிழல் டிரம்மளவுக்குச் சுருங்கி அதைக் கட்டிக்கொண்டு கிடந்தது. அப்போது சகாயம் மறுபடி கூப்பிட்டான்.

"அண்ணன் சைட்டுல விழுந்துட்டாருக்கா. ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. ஜன்னல மூடி, லைட்ட அணைச்சு வச்சிருக்காவ, ஆனா இருட்டுக்குள்ள கெடந்தும் அவரு மேல வெயிலு அடிச்சிட்டேதான் இருக்கு. டாக்டரே கையத் தொட்டுட்டு எடுத்துட்டாரு. என்னமாது செய்யுங்கக்கா."

மறுநாள், எல்லா நிழலும் மேற்கே நீண்டிருக்கும் காலை வேளையில் மேனகா டிரம்மின் அருகே வந்தாள். வளைகுடா மேற்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், போகிற நிழல் அந்தப் பக்கம் முகம் திரும்பியிருக்கும்போதே போகட்டும் என்று நினைத்தாள். துளிர்க்கும்வரை காத்திருக்க நேரமில்லை, காக்கச் செடியே இல்லாவிட்டால் நிழலுக்கு இங்கே வேலையில்லை. எலுமிச்சையின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஷம்ஷாத் அறையிலிருந்து பார்த்தாள், உள்ளே இக்பால் இருமிக்கொண்டிருந்தார், அவள் ஒரு கணம் உள்ளே பார்த்தாள், பிறகு வந்து டிரம்மை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்கா," என்றாள்.

வேர் ஒரு சத்தத்தோடு அறுந்து வந்தது. அதன் நுனியில், சாதத்தின் நிறத்தில், சின்னதாகப் புது வேர்கள் விட்டிருந்தன. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். நிழல் வெறும் டிரம்மின் மேல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றது, ஏதோ கைதவறி விழுந்ததைத் தேடுவதுபோல. பிறகு நிமிர்ந்து, கைப்பிடிச் சுவரில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, புளிய மரங்களின் நிழலுக்குள் நுழைந்து வெளியேறி, மேற்கே போனது. தெருவில் வந்தவர்கள் மிதிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பிறகு அதைப் பற்றிய செய்திகள் வந்தன. கம்பெனிக்குத் தோல் ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருவர் சேலத்துக்கு அருகே ஆளில்லாத நிழல் ஒன்று ரோட்டோரமாக நடந்துபோவதைப் பார்த்து, வேகம் குறைத்து, ஹாரன் அடிக்காமல் தாண்டி வந்ததாகச் சொன்னார். பாலக்காட்டுக் கணவாயில் பார்த்ததாக இன்னொருவர். அப்புறம் கோழிக்கோட்டிலிருந்து வந்தவர், அது கடற்கரையில் நிற்கிறது, பல நாளாக அங்கேயேதான் நிற்கிறது என்றார்.

மேனகா அன்றைக்கே, கோழிக்கோடு வழியாகப் போகும் மங்களூர் ரயில் ஏறினாள். ஏகாம்பரத்துக்கு நீச்சல் தெரியாது.

கடற்கரைக்காரர்கள் நிழலுக்குப் பழகிப்போயிருந்தார்கள். மீன்கூடைகளை அதில் வைத்திருந்தார்கள், வலை பின்னுகிற கிழவர் ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார், மேனகாவைப் பார்த்ததும் கேட்காமலே எழுந்து இடம் விட்டார். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் எழும்பும்போது நிழல் மேற்கே நீண்டு, ஈர மணலைத் தாண்டி, அலைக்குள் முழங்கால் அளவு போய், இடுப்பளவு போய், தண்ணீருக்கு மேலே நெளிந்து நெளிந்து நின்றது. சூரியன் உச்சிக்கு வந்து கடல் பக்கம் சாயச் சாய, அது பின்னுக்கு இழுக்கப்பட்டு, மாலையில் கரை மேல் கிழக்கே விழுந்து கிடந்தது. மறுநாள் காலையில் மறுபடி தண்ணீருக்குள் போனது. அவள் ஒரு படகுக்காரரிடம் சைகையிலும் தமிழிலும் சொல்லி அதை ஏற்றிக்கொண்டு போகக் கேட்டாள், அவரும் மறுக்காமல் வந்து பலகை போட்டார், நிழல் பலகை மேல் ஏறியது, படகு அசைந்ததும் பயந்து இறங்கிவிட்டது. அவளும் அதோடு அலைக்குள் இறங்கினாள், போய்யா, இன்னும் கொஞ்சம், போ, என்று சொல்லிக்கொண்டே கழுத்தளவுக்குப் போனாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. படகுக்காரர்தான் இழுத்து வந்தார்.

அப்படிச் சில நாட்கள் போயின. மீன் விற்கிற பெண்கள் அவளுக்குக் கஞ்சி கொடுத்தார்கள். ஒரு காலையில், நிழல் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது, சகாயத்தின் போன் வந்தது. அவன் நிறைய நேரம் அக்கா, அக்கா என்று மட்டும் சொன்னான். அப்புறம் சொன்னான். அண்ணனை வைத்த பெட்டி வர நாளாகும் என்றான், பேப்பர் வேலையெல்லாம் இருக்கிறது என்றான். கடைசியில், "நேத்து விடியக்காலம் உடம்பு குளுந்திருச்சுக்கா, இப்ப ஒண்ணும் சுடலை," என்றான்.

மேனகா போனை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகினாள். அழுகை வரும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை. நிழலுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அது அலைக்குள் இன்னும் ஓர் அடி வைக்கப் பார்த்தது, அலை வந்து கலைத்தது, மறுபடி கூடி நின்று மறுபடி பார்த்தது.

"போதும்யா," என்றாள். "வந்துடு."

அது கேட்கவில்லை, காலை நேரத்து நிழலால் கிழக்கே திரும்ப முடியாது. அவள் ஈர மணலில் உட்கார்ந்தாள். வலை பின்னுகிற கிழவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். வெயில் ஏறியது, உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. படகுகள், தென்னைகள், கூடை சுமந்த பெண்கள் என்று எல்லாருடைய நிழலும் ஒன்று சேர்ந்து கிழக்கே திரும்பும் நேரத்தில், ஏகாம்பரத்தின் நிழலும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, அவளைத் தாண்டி, அவள் எழுந்து நடக்க வேண்டிய பக்கமாக நீண்டு கிடந்தது.

மேனகா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள்.

"வாய்யா, போலாம்," என்றாள். அதை மிதிக்காமல், அதன் ஓரமாகவே நடந்தாள்.